இருபத்திரண்டாம் பக்கத்துக் கப்பல்

பிப்ரவரி 4

வணக்கம்.

இங்கு நலம். போன மாதம் உங்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், அப்பா நன்றாக இருக்கிறார், இருமல் மட்டும் விடவில்லை என்றார்கள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளின் பிள்ளைகள், கவனிக்காமல் இருப்பார்களா?

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் பிள்ளைகள் விஷயத்தை எழுதித்தான் கேட்டுக்கொள்வது என்று மூன்று வருடத்துக்கு முன்பு பிரிந்தபோதே பேசிவைத்தோம். ஆகவே எழுதுகிறேன்.

பெரியவள் ஜூலையில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். போனால் நான்கு வருடம். அதற்கு முன் ஏப்ரல் விடுமுறையில் எங்காவது கூட்டிப் போ என்று இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். மலை வேண்டாமாம், அருங்காட்சியகம் வேண்டவே வேண்டாமாம். கப்பல்தான் வேண்டுமாம். எட்டு நாள், தெற்கே வெயில் தீவுகளைச் சுற்றிவிட்டு வருவது. எனக்கும் லீவ் கிடைத்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் போகலாம் என்றிருக்கிறோம்.

ஏஜென்சியில் கொடுத்த புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் டிக் செய்திருக்கும் கப்பல்தான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் கடல் தாண்டிப் போவதற்குத் தாய் தகப்பன் இருவரும் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். இதோடு வைத்திருக்கும் படிவத்தில் நான் போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்து மார்ச் பதினாறுக்குள் ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் போக முடியாது.

உறையை ஒட்டும்போது சின்னவன் சொன்னான்: "அம்மா, அப்பா கையெழுத்தா போடுவாரு? 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்'னு சீல்தான் குத்துவாரு." நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பிள்ளைகளின் அம்மா


பிப்ரவரி 9

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

கடிதமும் புத்தகமும் கிடைத்தன.

மகளுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்ததை, கிடைத்துப் பத்து நாள் கழித்து, உன் அண்ணன் கேக் வெட்டும் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். பெற்றவனுக்கு முன்பே மாமனுக்குத் தெரிந்துவிடுகிறது. போகட்டும். இப்போதாவது கையெழுத்துத் தேவைப்பட்டதே, அதனால் எனக்கும் ஒரு கடிதம் வந்தது.

இருமல் சாதாரண இருமல்தான். இந்த அறையில் இருபது வருடத்துக் கட்டட வரைபடங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, அதன் தூசி. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, நான் போட்டுக் கொடுத்த கணக்கை வைத்துத் துறைத் தேர்வில் தேறியவன் தலைமை அலுவலகத்தில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நான் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்ன போதெல்லாம் "விடுங்களேன்" என்றவள் நீ. விட்டாயிற்று.

கப்பலுக்கு வருகிறேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தாயா? அந்தக் கப்பலில் பிள்ளைகளுக்கான மன்றம் வயதுவாரியாக இரண்டு தளங்களில் இருக்கிறது. பன்னிரண்டு முதல் பதினான்கு வரை கீழே, பதினைந்து முதல் பதினேழு வரை மேலே. சின்னவன் ஒரு தளம், பெரியவள் இன்னொரு தளம். அக்காவும் தம்பியும் கடைசியாகச் சேர்ந்து போகிற பயணம் என்கிறாய், ஏறிய உடனே இருவரையும் பிரித்து வைத்தால் எதற்குப் போவது?

இதைச் சரிசெய்து அனுப்பு. பார்க்கலாம்.

பிள்ளைகளின் அப்பா


பிப்ரவரி 14

வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன்.

"எட்டு நாளும் ஒரே கேபின்ல இவன்கூடக் கெடக்கணும். இதுல கிளப்புலயும் இவனாம்மா? அப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்றாள் பெரியவள்.

"எனக்கு மட்டும் ஆசையா? போன தடவ ஹோட்டல்ல பாத்ரூம் பூரா இவ முடிதான்" என்றான் அவன்.

பிறகு அவளே, "சரி, ஒரே கிளப் இருக்கற கப்பலாப் பாரும்மா. இவன் தனியாப் போனா ஒருத்தர்கிட்டயும் பேசாம மூலைல உக்காந்திருப்பான்" என்றாள். அது உண்மைதான். ஆகவே நீங்கள் சொன்னது சரி. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை மதியம் கடையில் ஆள் குறைவாக இருந்தபோது ஏஜென்சிக்குப் போனேன். கவுன்டரில் இருக்கும் அம்மா உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "சார் கப்பல்ல வேலை பாத்தவரா?" என்றார்.

"இல்லைங்க, கட்டட பிளான் பாக்கறவர்."

"அதானே பாத்தேன்" என்றார்.

பதினான்காம் பக்கத்துக் கப்பலைச் சொல்லியிருக்கிறார். மன்றம் ஒன்றே ஒன்றுதான், மேல் தளத்தில் இருக்கிறது. ஐந்து தீவுகளில் நிற்கும். படிவம் உங்களிடம்தான் இருக்கிறது. கப்பல் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பிள்ளைகளின் அம்மா


பிப்ரவரி 19

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

மன்றம் சரியாகிவிட்டது. இப்போது வேறொன்று.

பதினான்காம் பக்கத்துக் கப்பல் அளவுக்கு மீறிப் பெரியது. அது நிற்கும் ஐந்து தீவுகளில் மூன்றில் துறைமுகம் ஆழம் போதாது. கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும். அங்கிருந்து சிறு படகுக்கு ஏணி வழியாக இறங்கிக் கரைக்குப் போக வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. கப்பல் கம்பெனிக்கே ஃபோன் செய்து கேட்டுவிட்டேன். ஏஜென்சி அம்மா இதைச் சொல்லமாட்டார்.

சின்னவனுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவனுக்கு எட்டு வயது. உன் அண்ணன் வீட்டு நீச்சல்குளத்தின் கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனை, "ஆம்பளப் பையன்டா, குதி!" என்று உன் அண்ணன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். நான் சட்டையோடு குதித்துத் தூக்கி வந்தேன். கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. விருந்துக்கு வந்த பதினேழு பேர் கையில் தட்டோடு என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நீ என்ன செய்தாய்? "நாலு பேர் முன்னாடி ஏங்க இப்படி? அவன் விளையாட்டுக்குத்தானே செஞ்சான்" என்றாய். சொட்டச் சொட்ட நின்றவன் நான். நான் குதித்ததில் தெறித்ததைத் துடைக்கத் துண்டு உன் அண்ணனுக்குப் போனது.

அன்று முதல் அந்தப் பிள்ளை வாளித் தண்ணீரைக்கூட எட்ட நின்று பார்த்தவன். அவனை நடுக்கடலில் ஏணியில் இறக்குவதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

துறையிலேயே கயிறு கட்டிக் கரையோடு நிற்கும் கப்பலாகப் பார்த்து எழுது.

பிள்ளைகளின் அப்பா


பிப்ரவரி 24

வணக்கம்.

சின்னவன் நீந்துகிறான். இரண்டு வருடமாக. போன நவம்பரில் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் இருநூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தான்.

உங்களிடம் சொல்லவேண்டாம் என்றவன் அவன்தான். "அப்பாகிட்ட சொன்னா ஆழம் எவ்வளவு, காப்பாத்த எத்தனை ஆளு, தண்ணில என்ன மருந்து கலக்கறாங்கன்னு கேப்பாரும்மா. நான் ஃபர்ஸ்ட் வந்தப்பறம் நானே சொல்லிக்கறேன்" என்றான். இப்போது நான் சொன்னதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டு ரொட்டியை அறைக்குள் கொண்டுபோய்த் தின்கிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லித் தெரியவேண்டாம். வாரத்தில் மூன்று நாள் காலை ஐந்தரை மணிக்கு வண்டியில் அவனை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் அண்ணன்தான். யாரும் கேட்கவில்லை. தானாக வந்து, "நான் பயமுறுத்துனத நானே தீத்து வெக்கிறேன்" என்றான்.

இனி நம் விஷயம். சாப்பிடும்போது நீங்கள் ஆபீஸ் கதை சொல்வீர்கள். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. "எல்லாக் குறையையும் மொத தடவையே எழுதிட்டா காண்ட்ராக்டர் திருத்திட்டுப் போயிடுவான். ஒரு தடவைக்கு ஒண்ணு எழுதணும். அப்பத்தான் திரும்பத் திரும்ப வந்து நிப்பான், நம்ம ஞாபகம் இருக்கும்." பெருமையாகச் சொல்வீர்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் மன்றம், இரண்டாவதில் படகு. மூன்றாவதில் என்ன வரும்? வீடு கட்டுகிறவனுக்கு உங்கள் சீல் இல்லாமல் விடிவில்லை. எனக்குக் கோர்ட் இருக்கிறது, அங்கே போனால் ஒரு வாரத்தில் அனுமதி கொடுத்துவிடுவார்கள். அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுக்காதே என்று பெரியவள் கேட்டுக்கொண்டதால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் ஆட்சேபம் அத்தனையையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். மார்ச் பதினாறு. நாள் ஓடுகிறது.

பிள்ளைகளின் அம்மா


மார்ச் 1

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

இரண்டாவது இடம் என்று எழுதினாய். முதல் இடத்துக்கும் அவனுக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுதவில்லை. அவனிடம் கேட்காதே, நான் கேட்டதாகவும் சொல்லாதே.

ஒரே கடிதத்தில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ஒன்பதும் வேண்டாம், பதினான்கும் வேண்டாம். இருபத்திரண்டாம் பக்கத்தைப் பார். படம் சிறியது, சறுக்குமரம் இல்லை, அதனால் யாரும் அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. அதுதான் சரியான கப்பல். நான்கே தீவு, நான்கிலும் துறையில் கட்டும். ஒவ்வொன்றிலும் காலை எட்டுக்கு நின்றால் மாலை ஆறு வரை நிற்கும். பெரிய கப்பல்கள் மதியம் இரண்டு மணிக்கே சங்கு ஊதிவிடும். பெரியவளுக்கு நீருக்கடியில் மீன் பார்க்க வேண்டும், போன மாதம் என்னிடம் சொன்னாள். இரண்டாவது தீவில் கரையிலிருந்து நடந்தே போகலாம், இடுப்பளவு ஆழத்தில் பவளப்பாறை. சின்னவனுக்குப் பசி எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. இந்தக் கப்பலில் சாப்பாட்டுக் கூடம் எப்போதும் திறந்திருக்கும், மற்ற இரண்டிலும் மணி அடித்துத்தான் போடுவார்கள். மன்றம் ஒன்றுதான். அதற்குள் பெரியவர்களை விடமாட்டார்கள், அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேபின் ஐந்தாம் தளத்தில், நீளவாக்கில் நடுவில் கேள். முன்பக்கம் தூக்கிப் போடும், பின்பக்கம் இயந்திரம் அதிரும். லிஃப்டுக்குப் பக்கத்திலும் நீராவிச் சலவை அறைக்கு மேலேயும் வேண்டாம். மாடி வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தேன். 5117 நல்ல அறை. சன்னல் உண்டு. கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்து இறங்குவது இரண்டு. யார் எங்கே படுப்பது என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். உனக்குச் சன்னல் பக்கம். பெரியவளுக்கு மேலே, ஏனென்றால் அவள் படுத்துக்கொண்டு படிப்பாள், மேல் படுக்கைக்குத் தனி விளக்கு இருக்கிறது.

அந்தக் கம்பெனிக்குப் பதினோரு முறை ஃபோன் செய்தேன். அங்கே இருக்கும் பெண் என் குரல் கேட்டதும் "சொல்லுங்க சார், இன்னிக்கு எந்தத் தளம்?" என்கிறாள்.

ஆட்சேபம் வேறொன்றும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் அப்பா


மார்ச் 5

வணக்கம்.

படிவம் கிடைத்தது. அன்றே ஏஜென்சியில் கொடுத்துவிட்டேன். 5117 காலியாக இருந்தது. கவுன்டர் அம்மா, "இவரை எங்களுக்கு வேலைக்குக் குடுங்களேன்" என்றார்.

நீங்கள் வரைந்த படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். சன்னலும் கதவும் அளவெடுத்தது போல இருந்தன. மூன்று படுக்கைக்கு ஆள் எழுதியிருக்கிறீர்கள். நான்காவதைப் பென்சிலால் கோடு போட்டு அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

முதலில் சின்னவன்தான் கேட்டான், பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "அதுல யாரும்மா?"

"யாருமில்ல."

"அப்பா வந்தா இவ்ளோ விசாரிச்சது யூஸ் ஆகும்ல" என்றான்.

பெரியவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம். ஆனா நான் போயிட்டா அப்பறம் நாலு பேரும் எங்க எப்ப சேருவோம்?" என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஆட்சேபம் இல்லை. வாருங்கள். சேர்ந்து வாழ்வதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதை எண்ணி வரவும் வேண்டாம். எட்டு நாள், பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவாக இருப்போம். சுழல்நாற்காலியை நீங்கள் கப்பலில் ஏற்றக்கூடாது. நீங்கள் எல்லாவற்றையும் அளந்து அடுக்கி வைப்பதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

பதினாறாம் தேதி மாலை ஐந்துக்குள் ஏஜென்சியில் பெயர் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் நகலும் ஒரு வரியும் போதும். "வருகிறேன்" என்று எழுதினால் போதும்.

பிள்ளைகளின் அம்மா


மார்ச் 9

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கால் வரை வரும் கால்சட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன், அதைப் பற்றிப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும்.

எட்டு நாள் ஒரே அறையில் இருக்கப் போகிறோம். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க எனக்கு வராது, உனக்கே தெரியும். உன் அண்ணன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் பிள்ளையிடம் தீர்த்துக்கொண்டான், அது அவர்கள் இருவருக்குள். நான் கேட்பது உன்னிடம். அன்று குளத்தங்கரையில் நீ என் பக்கம் நின்றிருக்க வேண்டும். அதை ஒரு வரி எழுதி அனுப்பு. அது வந்த மறுநிமிடம் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிடுகிறேன்.

இது உனக்குப் பதினொன்றாம் தேதி கிடைக்கும். நீ அன்றே எழுதினால் எனக்குப் பதின்மூன்றாம் தேதி வந்துவிடும். நான் அனுப்புவது பதினைந்தாம் தேதி உன் கையில். நாள் இருக்கிறது.

பிள்ளைகளின் அப்பா


மார்ச் 17

வணக்கம்.

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

அன்று நான் உங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும். அது எனக்கு அன்று மாலையே தெரியும். உங்கள் ஈரச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டவள் நான்தான். கப்பலில் என்றாவது, பிள்ளைகள் மன்றத்துக்குப் போனபிறகு, நானாகவே சொல்லியிருப்பேன். அதைச் சொல்வதற்குத்தான் வாருங்கள் என்று எழுதினேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க என்னால் முடியவில்லை. பதினொன்றாம் தேதியே அதை எழுதி அனுப்பியிருந்தால் பதினைந்தாம் தேதி இன்னொன்று வந்திருக்கும். வந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். பதினேழு வருடம் கூட இருந்தவள், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நேற்று மாலை ஐந்து மணி வரை ஏஜென்சியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நேரில் வந்து நிற்பீர்கள் என்று நினைத்தேனா, தெரியாது. கவுன்டர் அம்மா விளக்கை அணைக்க எழுந்தபோது மூன்று பேருக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளிடம் உங்களுக்கு லீவ் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஃபோனில் கேட்டால் அதையே சொல்லுங்கள். இது ஒன்றிலாவது ஒரே பேச்சாக இருப்போம்.

பிள்ளைகளின் அம்மா


ஏப்ரல் 8

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

பெரியவள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"லீவ் குடுக்கலையாப்பா?"

"குடுக்கலம்மா."

"யாரு, அந்தச் சுழல்நாற்காலி அங்கிளா?"

"ஆமா."

"அவருக்கு எப்பவும் உங்க மேல ஒரு கண்ணுப்பா" என்றாள். சின்னவன் ஃபோனைப் பிடுங்கி, அப்பாவுக்கு என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

உண்மையில் லீவ் கிடைத்திருந்தது. எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது. அந்தச் சுழல்நாற்காலிக்காரனேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. ஓரத்தில் "நல்லபடி போய் வரவும்" என்று பச்சை மையில் எழுதியிருந்தான். அதை ரத்து செய்யச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தபோது எங்கள் குமாஸ்தா, "என்ன சார், விசேஷம் நின்னுபோச்சா?" என்றார். "விசேஷம் நடக்குது. நான் போகல" என்றேன். பன்னிரண்டு வருடமாக அவன் செய்ததற்கெல்லாம் அவனைத் திட்டியிருக்கிறேன். செய்யாத ஒன்றை அவன்மேல் போட்டது இதுதான் முதல் தடவை. அது அப்படியே இருக்கட்டும்.

உன் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு வண்டி எடுக்கிறவனைப் பற்றி நான் என்ன எழுதுவது?

என் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டாய். ஆறு வருடம் இதற்காகக் காத்திருந்தேன். வந்தபிறகு இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீ ஏஜென்சியில் உட்கார்ந்திருந்த அன்று மாலை நான் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரத் தூரத்தை பஸ் பிடித்து வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. என்னிடம்தான் எல்லாரும் வருவார்கள், அப்படியே பழகிவிட்டது.

பதினான்காம் தேதி மதியம் கப்பல் கிளம்புகிறது. காலை பத்துக்கே போய்விடு, கூட்டம் பதினொன்றுக்கு மேல்தான் வரும். பெரியவளுக்கு பஸ்ஸிலேயே குமட்டும், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை கொடு. எந்த மாத்திரை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் கடல் கொஞ்சம் ஆடும், இரண்டாம் நாள் சரியாகிவிடும். இரண்டாவது தீவில் காலையிலேயே இறங்குங்கள், மதியத்துக்கு மேல் தண்ணீர் கலங்கிவிடும். பவளப்பாறையில் வெறுங்காலோடு நிற்கவேண்டாம். சின்னவன் தூரம் போவான், போகட்டும். கரையிலிருந்து கத்திக் கூப்பிடாதே, அவனுக்குத் திரும்பி வரத் தெரியும். நான்காவது படுக்கையைச் சுவரோடு மடித்து வைக்கச் சொல், அறை விசாலமாக இருக்கும். பெட்டிகளை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இவை எதுவும் ஆட்சேபம் இல்லை, குறிப்புகள்தான். எட்டு நாளும் நல்ல வெயில் இருக்கும், பார்த்துவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பிள்ளைகளின் அப்பா